முதல் வட்டில் காளான்

எங்கள் வீட்டில் காளானை அடையாளம் காண ஓர் ஏற்பாடு இருந்தது. நான் கல்யாணமாகி வந்தபோது அந்த ஏற்பாட்டுக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். வெள்ளைச் சேலை கட்டியிருக்கும். விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை புழக்கடையில் எதையாவது செய்துகொண்டே இருக்கும். ஒரு காளான் நல்லதா விஷமா என்று சந்தேகம் வந்தால், குழம்பு வைத்து அதற்கு ஒரு வட்டில் நிறையக் கொடுப்போம். அது சாப்பிட்டுவிட்டுப் போய்ப் படுத்துக்கொள்ளும். மற்றவர்கள் காத்திருப்போம்.

ஒரு மனுஷியை இப்படி எழுதுவது மரியாதையில்லைதான். ஆனால் நாங்கள் நடத்தியது இப்படித்தான். எழுத்தில் மட்டும் மரியாதை கொடுத்து என்ன ஆகப்போகிறது? அவர் என் மாமனாரின் தங்கை. கல்யாணமான சில வருடங்களிலேயே புருஷனைப் பறிகொடுத்து, பிள்ளையும் இல்லாமல், பிறந்த வீட்டுக்கே திரும்பி வந்தவர். என் கணவருக்கு அத்தை. எனக்கு முறைப்படி சின்னம்மா. அப்படித்தான் கூப்பிடுவேன்.

நான் ராசிபுரத்துக்காரி. அப்பாவுக்கு நெய் வியாபாரம். வீடு முழுக்க வெண்ணெய் உருக்கும் வாசனைதான், வேறு எந்த வாசனைக்கும் அங்கே இடமில்லை. காளான் என்றால் மழைக்காலத்தில் குப்பைமேட்டில் முளைக்கிற ஏதோ ஒன்று என்பதோடு என் அறிவு முடிந்துவிட்டது. எழுபதுகளின் நடுவில் என்னைச் சேந்தமங்கலம் பக்கத்தில் ஒரு கிராமத்துக்குக் கட்டிக் கொடுத்தார்கள். கிணற்றுப் பாசனத்தில் குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளியும் கடலையும் கொஞ்சம் நெல்லும் விளைகிற குடும்பம். நிமிர்ந்து பார்த்தால் கொல்லிமலை. குனிந்து பார்த்தால் வேலை. நான் நிமிர்ந்து பார்த்த நாள் குறைவு.

வீட்டுக்குப் பின்னால் பொடக்காலி. புழக்கடையை அந்தப் பக்கத்தில் அப்படித்தான் சொல்வார்கள். ஒரு பெரிய நாவல் மரம், ஒரு பலா, இரண்டுக்கும் நடுவில் வெயில் தரையைத் தொடாது. பாத்திரம் கழுவிய தண்ணீர் அங்கேதான் போய்த் தேங்கும். ஓரத்தில் எருக்குழி. அதற்கு இப்பால் திப்பிக் குவியல். குச்சிக்கிழங்கில் மாவெடுத்த பிறகு ஜவ்வரிசி செய்யும் சேகோ ஆலையில் மிஞ்சும் சக்கைதான் திப்பி. மாட்டுக்கு வைப்பதற்காக மூட்டை மூட்டையாக வாங்கிக் கொட்டி வைப்பார்கள். மழை பெய்தால் அந்த இடம் பூராவும் புளித்த வாசனை வீசும். காலையில் எழுந்து போனால் தரையில் புதிதாக ஏதாவது தலைகாட்டியிருக்கும்.

நான் வந்த வருடத்துப் புரட்டாசியில் முதல் காளானைப் பார்த்தேன். புரட்டாசியில் எங்கள் வீட்டில் கறி எடுக்க மாட்டார்கள். அதனால் கறிக்கு அரைக்கிற மசாலை அரைத்து வைக்கும் காளான் குழம்புக்கு அந்த மாதத்தில் ஏகப்பட்ட மவுசு. மாமனார் காட்டிலிருந்து துண்டில் முடிந்து கொண்டுவந்தார். புற்று ஓரத்தில் முளைத்த புத்துக்காளான். எல்லாருக்கும் தெரிந்த சாதிதான். ஆனாலும் குழம்பு இறங்கியதும் மாமியார் ஒரு வட்டிலில் சோறு போட்டு, காளானாகப் பொறுக்கி வைத்து, சின்னம்மாவிடம் கொடுத்தார். மாமனார் கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்திருந்தார். என் கணவரும் உட்கார்ந்திருந்தார். ஆனால் முதல் வட்டில் சின்னம்மாவுக்கு.

நான் அசந்துபோனேன். ஆம்பிளைகள் காத்திருக்க, தாலியறுத்த ஒரு பெண்ணுக்கு முதல் சாப்பாடு. பிறந்த பெண்ணுக்கு இப்படி மரியாதை செய்கிற வீட்டில் வாழ்க்கைப்பட்டிருக்கிறேன் என்று எனக்குப் பெருமையாக இருந்தது. தலைதீபாவளிக்கு ராசிபுரம் போனபோது அம்மாவிடம் இதைப் பெருமையடித்தேன். அம்மா இட்லித் துணியை நனைத்துக்கொண்டே கேட்டார்: “அப்பறம் நீங்கெல்லாம் எப்ப உண்டீங்க?”

“பொழுது நல்லாச் சாஞ்சப்பறம்மா. அதுவரைக்கும் பேசிக்கிட்டு இருந்தோம்.”

அம்மா என்னை ஒருமுறை பார்த்தார். மறுபடியும் துணியைப் பிழியத் தொடங்கினார். கட்டிக் கொடுத்த வீட்டைப் பற்றி மகளிடம் குறை சொல்லக்கூடாது என்று நினைத்தாரோ என்னவோ. நானும் அந்தப் பார்வையை அப்போது கண்டுகொள்ளவில்லை.

அடுத்த மழைக்குத்தான் விளங்கியது. அந்தத் தடவை காளான் கொஞ்சம் சந்தேகமான சாதி. சின்னம்மா சாப்பிட்டுவிட்டு மாட்டுக்கொட்டகையை ஒட்டிய தன் அறைக்குப் போய்ப் பாயை விரித்துப் படுத்தார். கொஞ்ச நேரம் கழித்து மாமியார் என்னிடம், “ஏங்கண்ணு, சின்னம்மாவ ஒரு எட்டு பாத்துட்டு வா” என்றார். தூங்குகிறவரை எதற்குப் பார்க்கவேண்டும் என்று புரியாமலே போனேன். நிலைப்படியில் நின்று எட்டிப் பார்த்தேன். சின்னம்மா கண்ணைத் திறக்காமலே சொன்னார்:

“இருக்கறேன் சாமி. போய்ச் சொல்லு.”

போய்ச் சொன்னேன். மாமியார் இலையைப் போட்டார்.

நான் சாப்பிட்டேன், அதையும் சொல்லவேண்டும். நெஞ்சில் என்னவோ உறுத்தத்தான் செய்தது. ஆனால் மிளகும் சின்ன வெங்காயமும் போட்டு வதக்கிய அந்தக் காளான் அவ்வளவு ருசியாக இருந்தது. உறுத்தல் ஒரு பக்கம், ருசி ஒரு பக்கம் என்று இரண்டும் சேர்ந்தேதான் உள்ளே இறங்கின.

இதை யார் ஆரம்பித்தார்கள் என்று ஒருநாள் மாமியாரிடம் கேட்டேன். யாரும் ஆரம்பிக்கவில்லை என்றார். சின்னம்மா திரும்பி வந்த புதிதில், ஒரு மழை நாளில், காளானைச் சட்டியில் வைத்துக்கொண்டு எல்லாரும் தயங்கி நின்றபோது, “நான் தின்னு பாக்கறேன், எனக்கென்ன” என்று அவராகவே எடுத்து வாயில் போட்டுக்கொண்டாராம். அதற்குப் பிறகு யாரும் அவரைக் கேட்கவேண்டியிருக்கவில்லை. வட்டிலை நீட்டினால் வாங்கிக்கொள்வார். மாமியார் இதைச் சாதாரணமாகத்தான் சொன்னார். கெட்ட மனுஷி இல்லை அவர். சின்னம்மாவுக்குக் காய்ச்சல் என்றால் ராத்திரியெல்லாம் விழித்துக் கஷாயம் வைத்துக் கொடுப்பார். எங்கள் வீட்டில் கெட்டவர்கள் யாருமே இல்லை. அதனால்தான் அது அத்தனை வருடம் நடந்தது என்று நினைக்கிறேன்.

கல்யாணம், காதுகுத்து, வளைகாப்பு என்று எந்த நல்ல காரியத்திலும் சின்னம்மா முன்னால் வரமாட்டார். விளக்கேற்றும்போது அறைக்குள் போய்விடுவார். பொண்ணு மாப்பிள்ளை வாசலுக்கு வரும்போது கொட்டகைப் பக்கம் வேலை இருக்கும் அவருக்கு. காளானுக்கு மட்டும் எல்லாருக்கும் முன்னால்.

இரண்டு வருடம் கழித்து நான் முழுகாமல் இருந்தேன். மசக்கை என்னைப் போட்டுப் புரட்டியது. பழையது ஆகாது, பருப்பு ஆகாது, நெய் வாசனை வந்தால் குடலே வெளியே வந்துவிடும், நெய் வியாபாரி மகளுக்கு. காளான் குழம்பு மட்டும் வேண்டும் என்று இருந்தது. அந்த வருடம் பார்த்து மழை தள்ளிப்போய், காட்டில் ஒரு புற்றிலும் காளான் முளைக்கவில்லை. மாமனார் தினமும் வெறும் துண்டோடு வந்தார். நான் வாயைத் திறந்து கேட்கவில்லை, ஆனால் அந்தத் துண்டைப் பார்க்கிற பார்வையில் எல்லாருக்கும் தெரிந்துபோனது.

ஐப்பசியில் ஒரு காலை பொடக்காலிக்குப் போனேன். நாவல் மரத்தடியில், திப்பிக் குவியலைச் சுற்றி வளைவாக, ஏழெட்டு வெள்ளைக் குடைகள். ஒவ்வொன்றும் சாப்பாட்டு வட்டில் அகலம். நடுவில் மட்டும் தவிட்டு நிறத்தில் செதில் செதிலாக இருந்தது. தண்டில் ஒரு வளையம், விரலால் தள்ளினால் மேலும் கீழும் நகர்ந்தது. நான் அதுவரை பார்த்திராத சாதி. கூவினேன், எல்லாரும் வந்தார்கள்.

மாமியார் குனிந்து ஒன்றைப் பிடுங்கி முகர்ந்து பார்த்தார். “புத்துக்காளானுமில்ல, அரிசிக்காளானுமில்ல. என்ன எழவோ தெரியலியே.”

மாமனார் கிட்டேகூட வரவில்லை. “நாய்க்கொடையா இருக்கும். காலால தள்ளி உடுங்க.”

“நாய்க்கொடை இம்புட்டு சதையா இருக்குமுங்களா?” என்றார் மாமியார். அவருடைய கண் என்மேல்தான் இருந்தது.

பிறகு சோதனைகள் நடந்தன. பிட்டுப் பார்த்தார், பால் வரவில்லை. உள்ளே சின்னப் புழு நெளிந்தது. புழு தின்கிறது என்றால் நாமும் தின்னலாம் என்பது ஒரு கணக்கு. கொதிக்கிற தண்ணீரில் காளானோடு நாலு அரிசியைப் போட்டார், அரிசி சிவக்கவில்லை. மாமனாரின் பெட்டியிலிருந்து பழைய வெள்ளி ரூபாய் ஒன்றை எடுத்துப் போட்டார், அது கறுக்கவில்லை. ஊரில் உள்ள எல்லாப் பரீட்சையிலும் அந்தக் காளான் பாஸாகிவிட்டது.

மிச்சக் காளானை நான் கழுவினேன். கொஞ்சம் முற்றியவற்றின் அடிப்பக்கத்து மடிப்புகளில் லேசாகப் பச்சை ஓடியிருந்தது. காலையில் அதை வைத்திருந்த முறத்திலும் பச்சையாக ஒரு மாவு படிந்திருந்தது. என் விரலிலும் ஒட்டியது.

“ஏனுங்கத்தை, கையில பச்சையா என்னமோ ஒட்டுதுங்க” என்று மாமியாரிடம் காட்டினேன்.

“திப்பியில புடிச்ச பாசியா இருக்கும். கழுவுனாப் போயிரும்.”

கழுவினேன், போய்விட்டது. போகாமல் இருந்திருந்தால் இன்னொரு தடவை கேட்டிருப்பேனா? கேட்டிருக்க மாட்டேன். வாயில் எச்சில் ஊறிக்கொண்டிருந்தது.

சின்னம்மா கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து கடலைக்காய் ஆய்ந்துகொண்டிருந்தார். நாங்கள் பேசியது எல்லாம் அவர் காதில் விழுந்தது. தலை நிமிராமல் அண்ணிக்குச் சொன்னார்: “கொழம்பு வெய்யுங்க நங்கையா. புள்ள வாயக் கட்டிக்கிட்டு எத்தன நாளைக்குக் கெடப்பா? நான் உண்டு பாக்கறேன்.”

வழக்கமாக அந்த வட்டிலை மாமியார்தான் கொண்டுபோவார். அன்றைக்கு நான் கொண்டுபோனேன். எனக்காகச் சாப்பிடப் போகிறாரே என்று இரண்டு துண்டு அதிகமாகவே வைத்தேன். அன்பு என்று நினைத்துத்தான் செய்தேன், இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது. சின்னம்மா நிதானமாகச் சாப்பிட்டார். “உப்பு ஒரு கல்லு கம்மி. மத்தபடி நல்லாருக்குது” என்று சொல்லிவிட்டுக் கையைக் கழுவினார்.

முதல் தடவை எட்டிப் பார்த்தபோது, “இருக்கறேன் சாமி” என்றார். வழக்கமாக அதற்குமேல் ஒன்றும் இருக்காது. அன்றைக்கு, “ஆனா இன்னுங் கொஞ்சம் பொறுத்துக்க” என்று சேர்த்துச் சொன்னார். நெற்றியில் வேர்வை பூத்திருந்தது. எனக்கு வந்தது கவலை இல்லை, கோபம். நல்லாத்தானே பேசுகிறார், எதற்கு இழுத்தடிக்கிறார் என்று கோபம். சமையலறைக்கு வந்து சட்டியைத் திறந்து மோந்து பார்த்துவிட்டு மூடினேன்.

பிறகு நான் எட்டிப் பார்க்கவேண்டிய அவசியமே இல்லாமல் போனது. கொட்டகைப் பக்கமிருந்து ஓங்கரிக்கும் சத்தம் வந்தது. ஓடினோம். சின்னம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றார். ஒரு முறை எடுத்த வாந்தி நிற்கவே இல்லை. வயிறும் சேர்ந்து பிடுங்கிக்கொண்டது. வெளியே போய் வருவதற்குள் கால் மடங்கி விழுந்தார். உப்புத் தண்ணீர் கொடுத்தோம், அதுவும் தங்கவில்லை. கைகால் சில்லிட்டுப்போயிற்று. மாமனார் வாசலுக்கும் கொட்டகைக்கும் நடந்துகொண்டே, “நாந்தான் அப்பவே சொன்னேனே, சொன்னேனே” என்றார். சொன்னவர் ஏன் வட்டிலைத் தட்டிவிடவில்லை என்று யாரும் அவரைக் கேட்கவில்லை. கேட்கிற தகுதி யாருக்கு இருந்தது?

என் கணவர் ரோட்டுக்கு ஓடி, கிழங்கு லோடு ஏற்றிக்கொண்டு போன ஒரு லாரியை மறித்தார். கிளீனர் லோடுமேல் ஏறிக்கொண்டு இடம் கொடுத்தார். சின்னம்மாவின் தலை என் மடியில். மாமியார் காலைத் தேய்த்துக்கொண்டே வந்தார். வண்டி பள்ளத்தில் ஏறி இறங்கும்போதெல்லாம் சின்னம்மா முனகினார். அப்போது என் மனசில் முதலில் வந்தது, ‘நல்லவேளை, நான் சாப்பிடவில்லை’ என்பது. கை என்னையறியாமல் வயிற்றுக்குப் போயிற்று. மடியில் இருந்த தலைக்கும் அந்த வயிற்றுக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளிகூட இல்லை. அந்தக் கையை எடுத்து அவர் நெற்றியில் வைத்தேன். ஆனால் முதலில் எங்கே போனது என்பது எனக்குத் தெரியுமே.

ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டர் சின்ன வயதுக்காரர். பார்த்தவுடன் படுக்கவைத்து குளுக்கோஸ் ஏற்றினார், ஊசி போட்டார். உயிருக்கு ஆபத்தா என்று கேட்டதற்கு இருந்து பார்க்கணும் என்றார். பிறகு எங்களைத் திரும்பிப் பார்த்துக் கேட்டார்:

“காளான் யாரெல்லாம் சாப்பிட்டீங்க? எல்லாரும் வந்து படுங்க, பாத்துடறேன்.”

“அவ மட்டுந்தானுங்க” என்றார் மாமியார்.

“வீட்டுல எத்தன பேரு?”

“அஞ்சு பேருங்க.”

“அஞ்சு பேர்ல அவங்க மட்டும் ஏன் சாப்பிட்டாங்க?”

அவர் வைத்தியத்துக்காகத்தான் கேட்டார், ஒன்றும் உள்ளர்த்தம் இல்லை. என் கணவர் ஜன்னலைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். மாமியார் சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டே சொன்னார்: “நாங்க இன்னும் உண்கலீங்க. அவளுக்குத்தான் பசி பொறுக்காதுங்க.”

டாக்டர் கட்டிலைப் பார்த்தார். சின்னம்மா கண்ணைத் திறந்தார். உதடு வெடித்திருந்தது. குரல் ஈனமாகத்தான் வந்தது, ஆனாலும் தெளிவாகச் சொன்னார்.

“ஆமாங்க. எனக்குத்தான் அவசரமுங்க.”

“இந்த வயசுல நாக்கக் கட்டணும்மா” என்று டாக்டர் சிரித்தார். சின்னம்மாவும் சிரிக்கப் பார்த்தார்.

அந்த இடத்தில் நான் ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். ஒரே வார்த்தை போதும், ‘எனக்காக’ என்று. பேசவில்லை. மாமியார் பேச்சுக்கு மறுபேச்சு பேசாத மருமகள் என்ற நல்ல பெயரைக் காப்பாற்றிக்கொண்டேன்.

பிழைத்துக்கொண்டார். வீட்டுக்கு வந்தபோது தோளெலும்பு துருத்திக்கொண்டு தெரிந்தது. மாமனார் சட்டியில் இருந்ததைக் குழிவெட்டிப் புதைத்திருந்தார். அந்தக் காளான் என்ன சாதி என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. டாக்டருக்கும் தெரியாது. ஆனால் நாவல் மரத்தடியில் அது வருடா வருடம் முளைத்தது. முளைக்கும்போதெல்லாம் என் கணவர் பார்த்துவிட்டு வந்து, “அத்தை தின்ன காளான் மொளச்சிருக்குது, யாரும் தொட்டுராதீங்க” என்பார். அதற்கு அதுவே பெயராக நிலைத்தது. வெள்ளைக் குடை, நடுவில் தவிட்டுச் செதில், நகர்கிற வளையம், அடியில் பச்சை. பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள்கூட எங்களிடம் கேட்டு அடையாளம் தெரிந்துகொண்டு போனார்கள். மாமியார் பெருமையாகவே விளக்குவார். சின்னம்மா பக்கத்தில் நின்று, “ஆமா, அந்தப் பச்சைய நல்லாப் பாத்துக்கங்க” என்று எடுத்துக் கொடுப்பார்.

அதோடு எல்லாம் நின்றது என்று எழுதத்தான் ஆசை. ஒரு மழைக்காலம் நின்றது. அதற்கடுத்த புரட்டாசியில் மாமனார் புத்துக்காளானோடு வந்தார். குழம்பு இறங்கியது. மாமியார் வட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கினார். சின்னம்மா தானாகவே வந்து வாங்கிக்கொண்டார். எல்லாருக்கும் மூச்சு திரும்பி வந்தது. மறுபடியும் நான் எட்டிப் பார்க்கப் போனேன். இந்த முறை கையில் குழந்தையோடு.

மகள் பிறந்திருந்தாள். சின்னம்மாதான் அவளைக் காலில் போட்டுக் குளிப்பாட்டுவார். பேச்சு வந்ததும் மகள் அவரைச் சின்னாயா என்று கூப்பிட்டாள். அவருடைய நிழலாகவே வளர்ந்தாள்.

எண்பதுகளின் தொடக்கத்தில் மாமியாருக்கு முழங்கால் பிடித்துக்கொண்டது. சமையலறை என் கைக்கு வந்தது. அந்த வருட மழையில் பொடக்காலியில் போட்டிருந்த வைக்கோல் நனைந்து மட்கிப்போயிருந்தது. மாட்டுக்குப் பிடுங்கப் போனபோது அடியில் கோழிமுட்டைகள் மாதிரி ஏதோ கிடந்தது. முட்டை என்றே நினைத்து எடுத்தேன். சாம்பல் நிறத் தோல், அதைக் கிழித்தால் உள்ளே மொட்டுக் காளான். சிலது தோலைக் கிழித்துக்கொண்டு தலை நீட்டியிருந்தது. மறுபடியும் பார்த்திராத சாதி. அடியில் பச்சை இருக்கிறதா என்று திருப்பித் திருப்பிப் பார்த்தேன், இல்லை. இளஞ்சிவப்பாக இருந்தது. அது நல்லதா கெட்டதா, யாருக்குத் தெரியும்?

தூக்கி எறிந்திருக்கலாம். எறியவில்லை, குழம்பு வைத்தேன். பழக்கம் என்று சொல்லலாம். இந்த வீட்டில் தெரியாத காளானுக்கு ஒரு வழி இருக்கிறது என்று என் கைக்குத் தெரிந்திருந்தது.

சட்டியை இறக்கி வைத்துவிட்டு, துணியெடுக்க வாசலுக்குப் போய்த் திரும்பினேன். மகள் வட்டிலில் சோறு போட்டு, கரண்டியால் காளானாகப் பொறுக்கி வைத்துக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த வயது.

“என்ன பண்ற?”

“சின்னாயாளுக்கும்மா. அவங்க உண்டுபோட்டுப் படுத்துக்கட்டும். அப்பறம் நான் போய் எட்டிப் பாத்துட்டு வந்து சொல்றேன். இருக்கறாங்கன்னா நாம உண்கலாம்.”

விளையாட்டுக் குரலில்தான் சொன்னாள். யாரும் அவளுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. எங்களைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள். அந்த நிமிடம் எனக்கு வந்த வெட்கத்தைப் போல் வாழ்க்கையில் எனக்கு வேறு வந்ததில்லை. வட்டிலை அவள் கையிலிருந்து பிடுங்கி, நின்றவாக்கிலேயே அள்ளி அள்ளி என் வாயில் போட்டுக்கொண்டேன். மகள் பயந்து அழுதாள். அந்தச் சத்தத்துக்குச் சின்னம்மா உள்ளே வந்தார். வட்டிலைப் பார்த்தார், என் வாயைப் பார்த்தார்.

“என்ன காரியம் பண்ணீட்ட? துப்பு! உனக்குப் புள்ள இருக்குது, கிறுக்கி, துப்பு!”

விழுங்கிவிட்டேன். “இனிமேல் நீங்க மொதல்ல உண்ண வேண்டாங்க சின்னம்மா. இத்தன வருசம் நாங்க பண்ணுனது பாவமுங்க” என்றேன். இந்த வாக்கியத்தை எத்தனையோ நாள் மனசுக்குள் சொல்லிப் பார்த்திருக்கிறேன். சொன்னதும் அவர் அழுவார், என்னைக் கட்டிக்கொள்வார், என் பாரம் இறங்கிவிடும் என்று கற்பனை செய்து வைத்திருந்தேன்.

சின்னம்மா அழவில்லை. முகம் சிறுத்துப்போயிற்று.

“பாவமா? கண்ணாலத்துக்கு முன்னால வரக்கூடாது, சீருக்கு முன்னால வரக்கூடாது. வெளக்கத் தொடக்கூடாது. இந்த ஊட்டுல எல்லாரும் எம்பட மொகத்தப் பாத்து நின்னது இது ஒண்ணுக்குத்தான். அதையும் புடுங்கிக்கிட்டயா நீயி?”

சொல்லிவிட்டுப் போய்விட்டார். கொட்டகைப் பக்கம் வாளி உருளும் சத்தம் கேட்டது.

நான் எங்கள் அறையில் போய்ப் பாயை விரித்துப் படுத்தேன். வயிற்றில் ஒரு சின்னச் சத்தம் கேட்டாலும் நெஞ்சு படபடத்தது. நாக்கு கனத்த மாதிரி இருந்தது. விரல் மரத்த மாதிரி இருந்தது. ஒன்றும் இல்லை என்று தெரிந்தும் வேர்த்தது. மேலே ஓட்டு இடுக்கில் தெரிந்த வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டே கிடந்தேன். சின்னம்மா சும்மா தூங்குகிறார் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு தடவைகூட அவர் தூங்கியிருக்க மாட்டார் என்று அப்போது தெரிந்தது.

நிலைப்படியில் மகள் தலையை நீட்டினாள். பார்த்தாள், ஓடிப்போனாள். “அம்மா இருக்கறாங்க ஆயா!” என்று என் மாமியாரிடம் சொல்லும் குரல் கேட்டது. பிறகு என் கணவர் வந்து அதே நிலைப்படியில் நின்றார். “எப்படி இருக்குது?” என்றார். நான் தலையாட்டியதும் அவரும் போய்விட்டார். எல்லாரும் அந்த நிலைப்படியைத் தாண்டவில்லை. நானும் சின்னம்மாவின் நிலைப்படியைத் தாண்டியதில்லை.

பொழுது சாயும்போது காலடிச் சத்தம் கேட்டது. சின்னம்மா. ஈரக்கையைச் சேலையில் துடைத்தபடி நிலையில் நின்றார். கோபம் இன்னும் முகத்தில் இருந்தது.

“இருக்கறயா சாமி?”

இருக்கிறேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன், அழுகைதான் வந்தது. அவர் நிலைப்படியைத் தாண்டி உள்ளே வந்தார். பாயோரத்தில் உட்கார்ந்து, என் கையைப் பிடித்துப் பார்த்து, “சூடாத்தான் இருக்குது, பயப்படாத” என்றார். இருட்டி, மாட்டுக்குத் தண்ணி காட்டுகிற நேரம் வரைக்கும் அங்கேயே உட்கார்ந்திருந்தார். காளான் தின்று படுத்தவர் பக்கத்தில் இப்படிக் கூடவே உட்கார்ந்திருக்கலாம் என்று இத்தனை வருடத்தில் எங்களில் ஒருவருக்கும் தோன்றியதில்லை.